இரைச்சலைக் கட்டுப்படுத்துவது எப்படி? டெசிபல் கணக்கும் மதிலின் எல்லையும்

கொழும்பில் இரைச்சலைப் பற்றிய பேச்சு எழாத தொடர்மாடிக் கூட்டம் கிடையாது. கீழ்த்தளத்து ஜெனரேட்டர், பின்வளவுக் கராஜ், காலி வீதியில் ஹோர்னை அழுத்திப் பிடித்தபடி ஒன்றையொன்று முந்தும் 100, 101 இலக்க பஸ்கள் என்று முறைப்பாடுகள் வரிசையாக வரும். பின்னாலேயே தீர்வுகளும் வரும். மதிலை இன்னும் இரண்டு அடி உயர்த்துவோம் என்பார் ஒருவர். ஓரமாக மரம் நடுவோம் என்பார் இன்னொருவர். எண்பது டெசிபல் இருக்கிறதாம், பாதியாகக் குறைத்து நாற்பதாக்கச் சொல்லுங்கள் என்பார் மூன்றாமவர். எல்லாமே நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவைதான். ஆனால் இப்படித் தொடங்கும் வேலைகளில் பெரும்பாலும் பணம் கரைந்துவிடும், சத்தம் அப்படியே இருக்கும். ஒலி எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பயணிக்கிறது, அதை எப்படி எண்ணாக்குகிறார்கள் என்ற அடிப்படை புரியாமல் தீர்வைப் பேசுவதால் வரும் வினை இது. அந்த அடிப்படையைக் கணிதம் தெரியாதவர்களும் பின்பற்றக்கூடிய அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூலம், பாதை, பெறுநர்

பக்கத்து வளவில் யாரோ குப்பை எரிக்கிறார்கள், புகை உங்கள் வீட்டுக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நெருப்பை அணைக்கலாம், இடையில் ஒரு தடுப்பை எழுப்பலாம், அல்லது உங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். முதலாவது வழி எல்லோரையும் காப்பாற்றும். இரண்டாவது ஓரளவு உதவும், ஆனால் புகை தடுப்புக்கு மேலாக வளைந்து வரும். மூன்றாவது உங்களை மட்டும், அதுவும் ஜன்னல் சாத்தியிருக்கும் வரைக்கும் காப்பாற்றும்.

இரைச்சலுக்கும் இதே மூன்று இடங்கள் உண்டு. சத்தம் பிறக்கும் இயந்திரம் அல்லது வாகனம் மூலம் எனப்படும். அது கடந்துவரும் காற்று, சுவர், தரை ஆகியவை பாதை. கேட்பவர் பெறுநர். பொறியியலாளர்கள் எப்போதும் இதே வரிசையில்தான் யோசிப்பார்கள்: மூலத்தில் முடியாததைப் பாதையில், பாதையிலும் முடியாததைப் பெறுநரிடத்தில். நம் ஊர்க் கூட்டங்களில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. மூலம் அயலவருடையது, ஜன்னல் நம்முடையது என்பதுதான் காரணம்.

டெசிபல் சாதாரண எண் அல்ல

குழப்பத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. ஆகவே இதில் சற்று நின்று பேச வேண்டும்.

டெசிபல் என்பது, ஆரோக்கியமான காதுக்கு மட்டுமட்டாகக் கேட்கும் மிக மெல்லிய ஒலியோடு ஒப்பிடும்போது ஓர் ஒலி எத்தனை மடங்கு வலியது என்பதைச் சொல்லும் அளவுகோல். அந்த மெல்லிய ஒலியைச் சுழியம் என்று வைக்கிறார்கள். ஒரு மீற்றர் தூரத்தில் இருவர் இயல்பாகப் பேசுவது ஏறக்குறைய 60. இந்த அளவுகோலில் ஒவ்வொரு 10 டெசிபல் ஏற்றமும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காவதைக் குறிக்கிறது. 60 இலிருந்து 70 ஆனால் ஆற்றல் பத்து மடங்கு. 80 ஆனால் நூறு மடங்கு. காது இவ்வளவு பெரிய வீச்சைச் சுருக்கி உணர்வதால், 10 டெசிபல் கூடும்போது சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கானதாகத்தான் நமக்குத் தோன்றும்.

எனவே எண்பதைப் பாதியாக்கி நாற்பதாக்கு என்று கேட்பது, ஒலி ஆற்றலைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கு என்று கேட்பதாகும். காதுக்குப் பாதியாகத் தோன்றச் செய்வதற்கு எண்பதை எழுபதாக்கினால் போதும். அதுவே இலேசான வேலையல்ல: ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கை அகற்ற வேண்டும்.

கூட்டலும் இதேபோல் வேறு விதமானது. தலா 70 டெசிபல் எழுப்பும் இரண்டு ஜெனரேட்டர்கள் அருகருகே ஓடினால் 140 வராது. 73 தான் வரும். ஆற்றல் இரட்டிப்பானால் 3 டெசிபல் கூடும், பாதியானால் 3 டெசிபல் குறையும். கவனித்துக் கேட்டால் மட்டுமே புலப்படும் வித்தியாசம் அது. இதிலிருந்து கசப்பான ஒரு முடிவு பிறக்கிறது. பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை காலி வீதியில் ஓடும் வாகனங்களில் சரிபாதியை, எல்லா வகையிலும் சமமாக, நாளைக்கே நிறுத்திவிட்டாலும், வேகமும் ஓட்டும் முறையும் மாறாதவரை மீற்றர் காட்டும் குறைவு 3 டெசிபல்தான்.

மீற்றர்கள் பொதுவாக டெசிபல் ஏ என்ற அலகில் அளவைக் காட்டும். மனிதக் காது மிகத் தாழ்ந்த சுருதிகளை அவ்வளவாக உணர்வதில்லை. அதற்கு ஈடாக அந்தச் சுருதிகளின் பங்கைக் குறைத்துக் கணக்கிடுவதே இந்த ஏ. பெரிய டீசல் இயந்திரங்களின் உறுமல் எண்ணில் சிறிதாகத் தெரிந்தும் ஆளைத் தூங்கவிடாமல் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுருங்கச் சொன்னால்: 3 டெசிபல் என்றால் ஆற்றல் இரு மடங்கு, 10 டெசிபல் என்றால் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு. இந்த இரண்டு எண்களும் மனதில் இருந்தால் மீதிக் கட்டுரையைப் பின்பற்றலாம்.

சத்தம் கூடியதை விட்டுவிட்டு மற்றவற்றை அடக்கினால்

ஒரு சிறிய இரும்பு வேலைத்தளத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்திற்காக நான் தேர்ந்தவை. கிரைண்டர் 88, கம்ப்ரசர் 80, காற்று வெளியேற்றும் விசிறி 78 டெசிபல். மூன்றும் சேர்ந்து ஓடும்போது மொத்தம் 89. அயலவர்கள் முறையிட, உரிமையாளர் புது விசிறி வாங்குகிறார், கம்ப்ரசரைத் தூர எடுத்துச் செல்கிறார். இரண்டின் சத்தமும் முற்றாகவே இல்லாமற் போய்விட்டது என்று வைத்தாலும் மீற்றர் 88 காட்டும். இவ்வளவு செலவுக்கு ஒரு டெசிபல்! மாறாக, மற்ற இரண்டையும் தொடாமல் கிரைண்டரின் சத்தத்தை மட்டும் 80 ஆகக் குறைத்திருந்தால் மொத்தம் 84 ஆகியிருக்கும். தெருவில் நிற்பவருக்கும் அது தெளிவாகப் புலப்படும்.

இரைச்சல் கட்டுப்பாட்டில் ஒரேயொரு விதியைத்தான் நினைவில் வைக்க முடியுமென்றால், நான் இதையே சொல்வேன். மிக வலிய மூலம் எது என்று கண்டுபிடிக்காமல் செலவழிக்கும் பணம் வீண். அதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டியதில்லை: இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, எதை நிறுத்தும்போது அளவு விழுகிறது என்று பார்த்தால் போதும்.

சராசரியும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. கூடிக் குறையும் ஒலியை ஒரே எண்ணாகச் சொல்வதற்கு, குறித்த நேரத்தில் வந்துசேர்ந்த மொத்த ஆற்றலைச் சமமாகப் பங்கிட்டுக் கணிக்கிறார்கள். இதற்குச் சமவலு ஒலிமட்டம் என்று பெயர். ஓர் ஒழுங்கையில் ஒரு மணி நேரத்தில் 59 நிமிடங்கள் 50 டெசிபலும், சேர்த்துப் பார்த்தால் ஒரேயொரு நிமிடம் 90 டெசிபல் ஹோர்ன் சத்தமும் இருந்தால், அந்த மணித்தியாலத்தின் சமவலு ஒலிமட்டம் 51 அல்ல, 72. ஹோர்ன் அடிப்பதை ஒழித்தால் என்ன பெரிய மாற்றம் வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

தூரம், மதில், மரம்

ஜெனரேட்டர் போன்ற தனி மூலத்திலிருந்து விலகும்போது, தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 5 மீற்றரில் 80 என்றால் 10 மீற்றரில் 74, 20 மீற்றரில் 68. இடைவிடாமல் வாகனங்கள் ஓடும் வீதி அப்படியல்ல. அது புள்ளியாக இல்லாமல் நீண்ட கோடாக ஒலிப்பதால் தூரம் இரட்டிக்கும்போது 3 டெசிபல்தான் குறையும். இவை திறந்தவெளிக் கணக்குகள். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத்து ஒழுங்கைகளில் இருபுறமும் சுவர்கள் நெருங்கி நிற்பதால் ஒலி மாறி மாறித் தெறித்து, குறைவு இன்னும் மந்தமாகும். இரவில், நிலத்தையொட்டிய காற்று மேலேயுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கும்போது, மேலே போக வேண்டிய ஒலி கீழ்நோக்கி வளைகிறது. பகலில் கேட்காத தூரத்து ஆலை இரவில் கேட்பதற்கு ஊர் அடங்கியது மட்டும் காரணமில்லை.

மதிலுக்கு வருவோம். ஒலி ஓர் அலை. ஓர் அலையின் முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையான தூரம் அலைநீளம். கிரைண்டரின் கீச்சிடும் ஒலியில் அலைநீளம் சில சென்றிமீற்றர். டீசல் இயந்திரத்தின் உறுமலில் அது மூன்று மீற்றரைத் தாண்டலாம். தன்னைவிடச் சிறிய தடையை அலை எளிதில் சுற்றி வளைந்துவிடும். இரண்டு மீற்றர் மதில் கிரைண்டரை நன்றாகத் தடுத்து, ஜெனரேட்டரின் உறுமலைத் தாராளமாக உள்ளே விடுவது இதனால்தான்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. மூலத்துக்கும் கேட்பவருக்கும் இடையிலான நேர்ப்பார்வையை மதில் மறைக்க வேண்டும். மட்டாக மறைத்தால் 5 டெசிபல் அளவு கிடைக்கும். நன்கு உயர்ந்த, நீண்ட, இடைவெளியற்ற தடுப்பில் 10 முதல் 15 வரை எதிர்பார்க்கலாம். மூன்றாம் மாடி பல்கனியிலிருந்து வீதி முழுவதும் தெரிகிறதென்றால், கீழேயுள்ள மதிலை இரண்டு அடி உயர்த்துவது அந்த மாடிக்கு எதையும் செய்யாது.

மரங்கள் நிழலுக்கும் கண்ணுக்கும் நல்லவை. ஆனால் ஒரு வரிசை மரம் இரைச்சலை அளக்கத்தக்க விதத்தில் தடுக்காது. முப்பது மீற்றர் ஆழத்திற்கு, தரைவரை அடர்ந்த பற்றை இருந்தால்தான் சில டெசிபல்கள் குறையும். கொழும்பில் அந்த அளவு நிலம் கிடைத்தால் யாராவது தொடர்மாடிதான் கட்டுவார்கள்.

பெட்டியில் அடைத்த ஜெனரேட்டர்

பாதையில் செய்யக்கூடிய வேலைகளில் மிகப் பயனுள்ளது, மூலத்தைச் சுற்றி அடைப்பதுதான். பெரும்பாலும் பிழையாகச் செய்யப்படுவதும் அதுவே.

நகரத்தில் அடிக்கடி காணும் அமைப்பு இது: கட்டடத்தின் பின்புறம் செங்கல் அறை, உள்ளே ஜெனரேட்டர், இயந்திரம் சூடேறாமலிருக்க அயல்வீட்டுப் பக்கமாக ஒரு கம்பிவலைத் துவாரம். தடித்த சுவர் 30 டெசிபலுக்கு மேல் தடுக்கக்கூடியது. ஆனால் அறையின் மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், சுவர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், குறைவு 20 டெசிபலைத் தாண்டாது. பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் 10 டெசிபல்தான். காசு முழுவதும் சுவரில் போயிருக்கும். சத்தம் முழுவதும் துவாரத்தால் வந்துகொண்டிருக்கும். காற்று போக வேண்டும், ஒலி போகக்கூடாது என்றால், துவாரத்தில் ஒலியை உறிஞ்சும் பொருள் பதித்த, வளைந்து செல்லும் காற்றுவழி தேவை. புகைக்குழாய்க்குத் தரமான சைலன்சர் தேவை. துவாரத்தை வேறு திசைக்குத் திருப்புவதே சில இடங்களில் பாதி வேலையை முடித்துவிடும்.

உறிஞ்சுதலும் தடுத்தலும் வெவ்வேறு காரியங்கள். ஸ்பொஞ்ச், கண்ணாடி நார், பலரும் சுவரில் ஒட்டும் முட்டை மட்டை ஆகியவற்றில் முதலிரண்டும் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். மூன்றாவது அதைக்கூட அரைகுறையாகத்தான் செய்யும். ஒலி மறுபக்கம் போவதைத் தடுப்பது பாரம். ஒரே பொருளாலான சுவரின் எடையை இரட்டித்தால் ஏறக்குறைய 5, 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். இலேசான பொருளால் சத்தத்தை நிறுத்துவதாக விற்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

காற்றுக்குள் நுழையாமலே போகும் சத்தமும் உண்டு. மிளகாய்த்தூள், மா அரைக்கும் மில் ஒன்று இரு கடைகளுக்குப் பொதுவான சுவரையொட்டி, தரையில் நேரடியாக போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தால், அதிர்வு கொங்கிரீட் வழியாகப் பக்கத்துக் கடைக்குப் போய், அங்கே தட்டில் இருக்கும் கண்ணாடிக் குவளைகளைக் கிணுகிணுக்க வைக்கும். கதவை எவ்வளவு இறுகச் சாத்தினாலும் அது நிற்காது. இயந்திரத்தின் காலடியில் அதன் எடைக்கும் வேகத்துக்கும் பொருத்தமான றப்பர் அல்லது ஸ்பிரிங் தாங்கிகளை வைத்து, சுவரிலிருந்து சற்று நகர்த்தி, தேய்ந்த பெயரிங்கை மாற்றினால், பெரிய செலவில்லாமல் பெரிய மாற்றம் வரும்.

இந்தப் பகுதியின் சாரம்: தூரம் மெதுவாகவே உதவும், மதில் நேர்ப்பார்வையை மறைத்தால் மட்டும் உதவும், அடைப்பின் தரத்தை அதிலுள்ள துவாரமே தீர்மானிக்கும், அதிர்வுக்கு மருந்து காலடியில் இருக்கிறது.

வீதியில் எது சத்தம் போடுகிறது?

வாகனத்தில் இரண்டு பெரிய மூலங்கள்: இயந்திரமும் அதன் புகைக்குழாயும் ஒன்று, தாரில் உருளும் டயர் மற்றொன்று. கார்களில் மணிக்கு 40, 50 கிலோமீற்றருக்கு மேல் டயர் ஒலியே மேலோங்கும்; வேகவீதிக்கு அருகில் வசிப்பவர்கள் கேட்கும் ஓயாத இரைச்சல் அதுதான். அங்கே வேகக் கட்டுப்பாடும், நுண்துளைகள் கொண்ட வீதி மேற்பரப்பும், உயர்ந்த தடுப்புகளும் பயன் தரும்.

கொழும்பு நகருக்குள் கதை வேறு. இங்கே வாகனங்கள் ஓடுவதைவிட நின்று நின்று கிளம்புவதே அதிகம். தரிப்பிடத்தில் நிற்கும் பஸ், ஆட்களைக் கூப்பிட்டபடி இயந்திரத்தை உறுமவிட்டு, பின்னால் வரும் பஸ்ஸைக் கண்டதும் திடீரென்று கிளம்பும் அந்தச் சில விநாடிகளும், கூடவே வரும் ஹோர்னும், சைலன்சரை மாற்றிய மோட்டார் சைக்கிளும்தான் சமவலு ஒலிமட்டத்தைத் தூக்கிவிடுபவை. இந்த நகரத்துக்கு விலையுயர்ந்த தடுப்புச் சுவர்களைவிட, நேர அட்டவணைப்படி ஓடும் பஸ்களும், தொடர்ச்சியாகப் பச்சை கிடைக்கும் சமிக்ஞை விளக்குகளும், புகைக்குழாய்ப் பரிசோதனையும் அதிகம் உதவும் என்பது என் கருத்து. போட்டிக்கு ஓடினால்தான் அன்றைய வருமானம் என்ற நிலையில் சாரதி ஹோர்ன் அடிக்காமல் இருப்பார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

பெறுநரிடத்தில் செய்யக்கூடியவை குறைவு. சாதாரண ஜன்னல் திறந்திருந்தால் வெளிச்சத்தம் 10 முதல் 15 டெசிபல் வரை குறைந்து உள்ளே வரும். இறுகச் சாத்தினால் 25 அளவு குறையும். ஆனால் நம் வீடுகளில் ஜன்னலுக்கு மேலேயே காற்றோட்டத் துவாரம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதையும் அடைத்தால் குளிரூட்டி வேண்டும். குளிரூட்டியின் வெளி அலகு அடுத்த வீட்டுக்காரருக்குப் புதிய முறைப்பாடாகிவிடும்.

சட்டம் சொல்லும் எண்கள்

இது வெறும் எரிச்சல் பற்றிய விடயம் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2018 ஆம் ஆண்டு ஐரோப்பியப் பிராந்தியத்துக்கென வெளியிட்ட வழிகாட்டலில், வீதிப் போக்குவரத்து இரைச்சல் மாலையையும் இரவையும் கூடுதல் பாரத்தோடு எண்ணும் முழுநாள் சராசரியில் 53 டெசிபலுக்கும், இரவில் 45 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தூக்கக் குழப்பமும் இதய நோயும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களில் முக்கியமானவை.

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 1996 மே மாதத்தில் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. சத்தம் எழும் காணியின் எல்லையில் அளக்கும்போது பிரதேச சபைப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45. மாநகர, நகர சபைப் பகுதிகளில் 63, 50. ஏற்றுமதி பதப்படுத்தல் வலயங்களிலும் கைத்தொழில் பேட்டைகளிலும் 70, 60. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம், பொது நூலகம் போன்றவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் வரை அமைதி வலயம். அங்கே 50, 45. கட்டட நிர்மாண வேலைக்குப் பகலில் 75, இரவில் 50.

இந்த ஒழுங்குவிதிகளில் பகல் என்பது காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாலை 6 மணி ஆனதும் கொழும்பு மாநகர எல்லைக்குள் அனுமதி 63 இலிருந்து 50 ஆகிறது. 13 டெசிபல் என்பது ஆற்றலில் இருபதில் ஒரு பங்கு. பகலில் சட்டத்துக்கு உட்பட்டு ஓடிய இயந்திரம், ஆறரை மணிக்கு அதே சத்தத்தில் ஓடினால் சட்டமீறலாகலாம்.

இவை இடத்தில் நிலைத்திருக்கும் மூலங்களுக்கானவை. ஓடும் வாகனத்துக்குக் காணி எல்லை கிடையாது. வாகன ஹோர்ன்களுக்கென 2011 இல் தனி ஒழுங்குவிதிகள் வந்தன. ஒலிபெருக்கி வேறு விடயம்: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதற்கான அனுமதியை 2007 ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்பு பொதுவாகத் தடுத்தது. ஆலைகளைப் பொறுத்தவரை, பட்டியலிடப்பட்ட தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெற வேண்டும், இரைச்சல் நிபந்தனைகளை அதிலேயே எழுதலாம். மத்திய சுற்றாடல் அதிகார சபையும், சிறு தொழில்கள் சிலவற்றுக்கு உள்ளூராட்சி மன்றமும் அதை வழங்குகின்றன.

முறைப்பாட்டுக்கு முன் அளந்து பாருங்கள்

கைப்பேசிச் செயலி காட்டும் எண்ணை அதிகாரியிடமோ நீதவான் நீதிமன்றத்திலோ சான்றாக வைக்க முடியாது. அது அளவுதிருத்தம் செய்யப்பட்ட கருவி அல்ல. ஆனால் ஒரே கைப்பேசியை ஒரே இடத்தில் வைத்து, இயந்திரம் ஓடும்போதும் நிற்கும்போதும் எடுத்த இரண்டு எண்களின் வித்தியாசம் பயனுள்ளது. இயந்திரம் நிற்கும்போது கேட்பது பின்னணி ஒலி. பின்னணி 63 ஆகவும், இயந்திரம் ஓடும்போது மொத்தம் 66 ஆகவும் இருந்தால் இயந்திரத்தின் தனிப் பங்கும் 63 தான். வித்தியாசம் 10 டெசிபலைத் தாண்டினால் கேட்பதெல்லாம் ஏறக்குறைய இயந்திரமே. காலி வீதியோரத்தில் பின்னணியே அனுமதித்த அளவை எட்டக்கூடும் என்பதால், உத்தியோகத்தர்களும் இந்த இரட்டை அளவீட்டைத்தான் செய்ய வேண்டியிருக்கும். பின்னணி உயர்ந்திருக்கும் இடங்களுக்கு ஒழுங்குவிதிகளிலும் தனி ஏற்பாடு உண்டு.

முறைப்பாட்டில் "தாங்க முடியாத சத்தம்" என்று எழுதுவதைவிட எந்த இயந்திரம், எந்த மணிக்குத் தொடங்கி எந்த மணிக்கு நிற்கிறது, துவாரம் எந்தப் பக்கம், உங்கள் ஜன்னல் எத்தனையாம் மாடியில் என்பவற்றை எழுதுவது உதவும். அதை மாநகர சபைக்கோ மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கோ கொடுக்கலாம். இரைச்சல் பொதுத்தொல்லையாகுமிடத்து, 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின்படி நீதவான் கட்டளையிடவும் இடமுண்டு. அளக்க வருபவர் வரும் நேரத்தில் இயந்திரம் ஓட வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. மின்வெட்டின்போது மட்டும் இயங்கும் ஜெனரேட்டரை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து அளக்க முடியாது. ஆனால் அப்படியான ஜெனரேட்டர்களை அவ்வப்போது சோதனைக்காக ஓட்டுவார்கள். அந்தச் சோதனை நாளையும் நேரத்தையும் கட்டட முகாமையிடம் கேட்டு அறிந்து, அதே நேரத்துக்கு அளவீட்டைக் கோருவதே நடைமுறைக்கு உகந்த வழி.